பிரசவத்துக்குப் பிறகான 42 நாட்கள்: பச்சை உடம்புக்காரிக்கு யார் துணை? 'டூலா' என்ன செய்வார்? முழு விவரம்

குழந்தை பிறந்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குழந்தை எப்படி இருக்கு?". அடுத்து, "எடை எவ்வளவு? யார் ஜாடை?". "நீ சாப்பிட்டியா, கொஞ்சமாவது தூங்கினியா?" என்று பெற்றவளைக் கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்வியில் இருந்தே தன் வேலையைத் தொடங்கும் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெயர் 'டூலா'.

பெரிய நகரங்களில் இந்தப் பெயர் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஆனால் இந்தத் துணை அதிகம் தேவைப்படும் இடங்களில் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைப் பகுதி. வேலைக்காக வந்து, வாடகை வீட்டில் கணவன், மனைவி இருவர் மட்டும் வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தாய் வீடு பக்கத்தில் இல்லை. மாமியாரும் ஊரில். அப்படியென்றால் பிரசவம் முடிந்து வீடு திரும்பும் பெண்ணை யார் பார்த்துக்கொள்வது? அரசு தரப்பில் யார் வருவார்கள்? டூலா கிடைக்காவிட்டால் என்ன செய்யலாம்? பார்க்கலாம்.

டூலா என்றால் யார்?

'டூலா' கிரேக்கச் சொல். பணிவிடை செய்யும் பெண் என்று பொருள். அமெரிக்க மானுடவியலாளர் டானா ரஃபேல் 1973-ல் வெளியான தன் நூலில், புதிதாகப் பிள்ளை பெற்ற தாய்க்குப் பாலூட்டவும் மற்ற வேலைகளிலும் உதவும் பெண்ணைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பிறகு பிரசவ வலியின்போது கூடவே இருந்து தைரியம் சொல்பவரையும் டூலா என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

இன்று இரண்டு வகை டூலா உண்டு. ஒருவர் பிரசவத்தின்போது துணை நிற்பவர். இன்னொருவர் பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து உதவுபவர். இந்தக் கட்டுரை இரண்டாமவரைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே தெளிவுபடுத்த வேண்டும். டூலா டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. ஊசி போட மாட்டார், தையலைப் பிரிக்க மாட்டார், மருந்து எழுதித் தர மாட்டார். அவர் பார்த்துக்கொள்வது தாயை. தாய் நன்றாக இருந்தால்தான் குழந்தையை அவரால் பார்த்துக்கொள்ள முடியும் என்பதுதான் இந்த வேலையின் அடிப்படை.

நம்ம ஊருக்கு இது புதுசா?

பெயர்தான் புதுசு. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது நம் வழக்கம். அங்கே அம்மா பத்தியச் சமையல் செய்வார், பாட்டி பிரசவ லேகியம் உருட்டிக் கொடுப்பார், குழந்தைக்குத் தண்ணி ஊத்த அனுபவமுள்ள ஒரு அம்மா தினமும் வந்து போவார். "பச்சை உடம்பு, எழுந்து வேலை செய்யாதே" என்று சொல்ல ஆள் இருக்கும். ஒரு டூலா செய்யும் வேலையை நான்கு பெண்கள் சம்பளம் இல்லாமல் பங்கு போட்டுச் செய்த ஏற்பாடு அது.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். சீனாவில் பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் ஓய்வெடுக்கும் வழக்கம் உண்டு. அதற்கென்றே சம்பளத்துக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவிலும் இப்படி ஆள் வைப்பது சகஜம். ஜப்பானில் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. நெதர்லாந்து ஒரு படி மேலே போய், பிரசவமான வீட்டுக்குப் பயிற்சி பெற்ற உதவியாளரை அனுப்புவதை அடிப்படை மருத்துவக் காப்பீட்டிலேயே சேர்த்திருக்கிறது. முதல் ஒரு வாரம், பத்து நாள் அவர் தினமும் சில மணி நேரம் வந்து தாயையும் சேயையும் கவனிப்பார்.

கும்மிடிப்பூண்டியில் ஏன் இது பெரிய விஷயம்?

சென்னையிலிருந்து புறநகர் ரயில் வடக்கே போகும் வழியில் இருக்கிறது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்காலைகள் தொடங்கிப் பல வகைத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. பக்கத்திலேயே தேர்வாய் கண்டிகை சிப்காட், ஆந்திர எல்லையைத் தாண்டினால் ஸ்ரீசிட்டி. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் இருந்தும், ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களில் இருந்தும் வேலைக்கு வந்தவர்கள் சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளில் சிக்கல் மூன்று பக்கம் வருகிறது.

முதலாவது, ஷிப்ட். கணவருக்கு நைட் ஷிப்ட் என்றால், குழந்தை அதிகம் அழும் நேரத்தில் வீட்டில் இரண்டாவது ஆள் இல்லை. பகலில் அவர் தூங்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் குழந்தை அழுதால் அதுவும் முடியாது. தனியார் துறையில் தந்தைக்குப் பிரசவ விடுப்பு தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கு 15 நாள் உண்டு.

இரண்டாவது, ஆபரேஷன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது பெருமைக்குரிய எண். அதே ஆய்வில் சிசேரியன் 44.9 சதவீதம். தேசிய அளவில் இது 21.5 சதவீதம்தான். வயிற்றில் தையலோடு வீட்டுக்கு வரும் பெண், குடத்தில் தண்ணீர் தூக்க வேண்டிய, மாடிப்படி ஏற வேண்டிய வீடாக இருந்தால் நிலைமை எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது, மொழி. ஒடியாவோ இந்தியோ மட்டும் தெரிந்த பெண்ணுக்கு, "தலை ரொம்ப வலிக்குது, கண்ணு மங்குது" என்பதைப் பக்கத்து வீட்டில் சொல்லவே தயக்கம் வரும். ஆபத்தான அறிகுறி வாய்க்குள்ளேயே தங்கிவிடும்.

டூலா வீட்டுக்கு வந்து என்னென்ன செய்வார்?

* தாய் தூங்க வழி செய்வார்: குழந்தையைச் சில மணி நேரம் தான் வைத்துக்கொண்டு, "நீ போய்ப் படு" என்பார். கேட்கச் சின்ன விஷயம். பிரசவமான வீட்டில் இதுதான் பெரிய உதவி.

* சாப்பாடு, தண்ணீர்: நேரத்துக்குச் சூடான சாப்பாடு கைக்கு வருகிறதா என்று பார்ப்பார். பாலூட்டும்போது பக்கத்தில் தண்ணீர் வைப்பார்.

* பாலூட்ட உதவி: குழந்தை காம்பை மட்டும் பிடிக்கிறதா, கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று கவனிப்பார். பிடி சரியில்லை என்றால்தான் காம்பு வெடிப்பதும், "பால் பத்தலை" என்ற பயமும் பெரும்பாலும் வரும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு தினமும் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால், எடையும் ஏறினால், பால் பற்றுகிறது என்று அர்த்தம்.

* குழந்தை வேலைகளைச் சொல்லிக் கொடுப்பார்: குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஏப்பம் விடவைப்பது, மல்லாக்கப் படுக்கவைப்பது. தானே செய்து முடித்துவிட்டுப் போகாமல், தாயும் தந்தையும் கற்றுக்கொள்ள வைப்பதே நல்ல டூலாவுக்கு அடையாளம்.

* காது கொடுத்துக் கேட்பார்: பிரசவம் எப்படி நடந்தது, எங்கே பயந்தார் என்பதை வெளியே சொல்ல ஒரு ஆள் வேண்டும். அறிவுரை சொல்லாமல் கேட்பதும் இந்த வேலையில் அடக்கம்.

* ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்: ஏதோ சரியில்லை என்று தோன்றினால், தானே வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்.

அரசு தரப்பில் யார் வருவார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட பரிந்துரை இது: பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அதன் பிறகு ஆறு வாரத்துக்குள் குறைந்தது மூன்று பரிசோதனைகள் நடக்க வேண்டும். 48-72 மணி நேரத்துக்குள் ஒன்று, 7-14 நாட்களுக்குள் ஒன்று, ஆறாவது வாரத்தில் ஒன்று.

இந்தியாவில் 2011 முதல் நடைமுறையில் உள்ள வீட்டுவழி பச்சிளம் குழந்தை பராமரிப்புத் திட்டம் இதைவிட அதிகம் கேட்கிறது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 3, 7, 14, 21, 28, 42-வது நாட்களில் சுகாதாரப் பணியாளர் வர வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான ஊர்களில் இந்தப் பொறுப்பு கிராம சுகாதார செவிலியருடையது. நகரப் பகுதி என்றால் நகர்ப்புற சுகாதார செவிலியர்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைக் கவனிக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் ஒரு முகவரியில் 'பிக்மி' எண் பதிந்திருப்பீர்கள். பிரசவம் முடிந்து வேறு ஊரிலோ வேறு வாடகை வீட்டிலோ இருப்பீர்கள். செவிலியர் பழைய வீட்டைத் தேடிப் போனால் சந்திப்பு நடக்காது. எனவே டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே, நீங்கள் இருக்கப் போகும் இடத்தின் செவிலியர் யார், போன் நம்பர் என்ன என்று கேட்டு வாங்கிவிடுங்கள். வீடு மாறினால் அவருக்குத் தகவல் சொல்லுங்கள்.

இவற்றையும் கேட்டுப் பெறலாம்:

* 2011-ல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, சாப்பாடு எல்லாம் இலவசம். வீட்டுக்குக் கொண்டுபோய் விடும் வண்டியும் இலவசம். எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் பொருந்தும்.

* டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள தாய்மார்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி. தவணை விவரங்களைச் செவிலியரிடம் கேளுங்கள்.

* அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்குச் சத்துமாவு.

* பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டிய இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள்.

* 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஒன்றரை மாதத் தடுப்பூசித் தேதியையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

செவிலியர் ஒரு நாள் வந்து எடை பார்ப்பார், தையல் பார்ப்பார், மருந்து தருவார். ஆனால் ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையை வாங்கிக்கொள்ள அவரால் வர முடியாது. டூலாவின் இடம் அங்கேதான். ஒன்று மருத்துவ வேலை, இன்னொன்று வீட்டு வேலை. இரண்டும் வேண்டும்.

வேலைக்குப் போகும் தாய்க்குச் சட்டம் என்ன சொல்கிறது?

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு தருகிறது. இரண்டு குழந்தைகள் இருந்தால் அடுத்த பிரசவத்துக்கு 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாட்களாவது வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த 26 வாரம் தொடர்கிறது.

பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் ஒரு பெண்ணை வேலைக்கு வைப்பதே சட்டப்படி தவறு. "ஆள் குறைவா இருக்கு, ஒரு மாசத்துல வந்துடு" என்று யாராவது கேட்டால் இது ஞாபகத்தில் இருக்கட்டும். வேலைக்குத் திரும்பிய பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும். 50 அல்லது அதற்கு மேல் பணியாளர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் உள்ள பெண்களுக்கு மகப்பேறுப் பணப்பயனை ஈ.எஸ்.ஐ. கழகமே வழங்கும்.

அழுகை வருவது சாதாரணமா, மனச்சோர்வா?

பிரசவமாகி மூன்று, நான்கு நாட்களில் காரணமே தெரியாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். பல தாய்மார்களுக்கு இது நடக்கிறது. ஓய்வும் ஆறுதலும் கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் சோகம் விலகவில்லை, குழந்தை தூங்கினாலும் தூக்கம் வரவில்லை, எதிலும் விருப்பம் இல்லை, "நான் நல்ல அம்மா இல்லை" என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியான கட்டுரை, தாய்மார்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்தில் ஒருவருக்கும் மேல். இது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்.

தன்னையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால், இல்லாத குரல் கேட்டால், தொடர்புடைய பேச்சே இல்லாமல் போனால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தாயைத் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

தாய்க்கு:
* ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனையும் அளவு ரத்தப்போக்கு
* காய்ச்சல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், தையலில் சீழ்
* கடுமையான தலைவலி, கண் மங்குதல், வலிப்பு
* ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி
* மூச்சுத்திணறல், நெஞ்சுவலி
* மார்பகம் சிவந்து கட்டியாகிக் காய்ச்சல்

குழந்தைக்கு:
* பால் குடிக்க மறுப்பது, அசைவே இல்லாமல் துவண்டு கிடப்பது
* நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குவது, நெஞ்சு உள்ளே குழிவிழுவது
* உடல் கொதிப்பது அல்லது சில்லிட்டுப் போவது
* வலிப்பு
* பிறந்த முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் தெரிவது; எந்த நாளாக இருந்தாலும் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாவது

திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், கும்மிடிப்பூண்டி, பொன்னேரியில் அரசு மருத்துவமனைகளும் இருக்கின்றன. 108-ஐ அழைத்தால் எங்கே போக வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்து அழைத்துப் போவார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் எதை எடுப்பது, எதை விடுவது?

ஓய்வு, சூடான சாப்பாடு, கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்வது எல்லாம் நல்ல பழக்கங்கள். பூண்டுக் குழம்பும் கருவாடும் ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடலாம். சில பழக்கங்களை மட்டும் விட்டுவிடுவது நல்லது.

* சேனை வைப்பது: பிறந்த குழந்தையின் நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணீர் தடவுவது வேண்டாம். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீரும் தேவையில்லை.

* சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது: முதலில் வரும் மஞ்சள் நிறப் பால்தான் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு சக்தி தருவது.

* "தண்ணி அதிகம் குடிச்சா வயிறு வைக்கும்": தவறு. பாலூட்டும் தாய் தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

* மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொப்புள்கொடியில் எதையாவது பூசுவது: குழந்தைக்கு ஆபத்து.

டூலா கிடைக்கவில்லை என்றால்?

பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் உண்மை நிலை. இந்தியாவில் டூலாக்களுக்கென அரசுப் பதிவோ உரிமமோ இல்லை, பெரிய நகரங்களுக்கு வெளியே கிடைப்பதும் அரிது. ஆனால் அவர் செய்யும் வேலைகளைப் பிரித்துக்கொள்ள முடியும். குழந்தை பிறக்கும் முன்பே, எட்டாம் மாதத்திலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

* இரவில் யார்? நைட் ஷிப்ட் இருந்தால் முதல் ஆறு வாரமாவது பகல் ஷிப்ட் கேட்டுப் பாருங்கள். தாய்க்குத் தொடர்ந்து நான்கைந்து மணி நேரத் தூக்கம் தினமும் கிடைக்கும்படி நேரத்தைப் பிரியுங்கள்.

* சமையல் யார்? ஊரிலிருந்து ஒருவர் முதல் இரண்டு வாரம், இன்னொருவர் அடுத்த இரண்டு வாரம் என்று முறைவைத்து வரச் சொல்லலாம். முடியாவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு மட்டும் காசு கொடுத்து ஏற்பாடு செய்யலாம்.

* துணி, தண்ணீர், கடை யார்? இது முழுக்க கணவர் வேலை.

* பேச யார்? தாயின் மொழியில் தினமும் ஒரு முறை போனில் பேச ஒருவர். குழந்தையைப் பற்றிக் கேட்கும் முன் தாயைப் பற்றிக் கேட்பவராக இருக்க வேண்டும்.

* அவசரத்துக்கு யார்? கணவர் போனை எடுக்க முடியாத நேரத்தில் அழைக்க, பக்கத்தில் இருக்கும் ஒருவரின் நம்பர்.

டூலாவையோ குழந்தைக்குத் தண்ணி ஊத்தும் அம்மாவையோ சம்பளத்துக்கு வைப்பதாக இருந்தால், நாலு கேள்வி கேளுங்கள். இதற்கு முன் எத்தனை வீடுகளில் பார்த்தார்? அந்த வீட்டினரிடம் பேச முடியுமா? என்ன நேரம், என்ன வேலை, என்ன சம்பளம்? குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வார்? கடைசிக் கேள்விக்கு "நானே கை மருந்து கொடுத்துடுவேன்" என்று பதில் வந்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்

* 108: ஆம்புலன்ஸ்
* 102: தாய் சேய் நல ஊர்தி
* 104: மருத்துவ ஆலோசனை
* 14416: டெலிமனாஸ் மனநல ஆலோசனை. 24 மணி நேரமும் இலவசம். தமிழ் மட்டுமின்றி இந்தி, ஒடியா, வங்காளம் உள்ளிட்ட மொழிகளிலும் பேசலாம்
* 181: பெண்கள் உதவி மையம்

உங்கள் தெருவில், உங்கள் லைன் வீட்டில் சமீபத்தில் குழந்தை பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது கையில் ஒரு டிபன் பாக்ஸ் சாப்பாடு கொண்டுபோங்கள். குழந்தையைப் பெற்றவள் அதைச் சாப்பிட்டு முடிக்கும் வரை குழந்தையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.